அருகிருந்து பேணுதல்

பேராதனையிலிருந்து கம்பளைக்குச் செல்லும் பெருந்தெருவில் சில மைல் தூரத்தில் இருப்பது கெலிஓயா. சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் சிறு நகரம் அது. அங்கு ஒரு குடும்பத்தின் மூத்தவருக்குக் கடும் நோய் கண்டால், பேராதனைப் போதனா வைத்தியசாலைக்கோ கண்டித் தேசிய வைத்தியசாலைக்கோ அவரைக் கொண்டு செல்வார்கள். சிலருடைய வாழ்வில், நீண்ட சிகிச்சையின் பின்னர், ஒரு நாள் வருகிறது. வைத்தியர் மகனையோ மகளையோ தனியே அழைத்து, இந்நோயை மாற்ற இனி வழியில்லை என்றும், வீட்டிற்கு அழைத்துச் சென்று நன்றாகப் பார்த்துக்கொள்ளும்படியும் சொல்லுகிறார்.

அச்சொற்களைக் கேட்டவர் மனத்தில் இரண்டு வினாக்கள் எழுகின்றன. நோயை மாற்ற முடியாதெனின் இனிச் செய்வதற்கு என்ன இருக்கிறது என்பது ஒன்று. இதைத் தாயிடமோ தந்தையிடமோ சொல்வதா, மறைப்பதா என்பது மற்றொன்று. இவ்விரு வினாக்களும் நம் காலத்தில் தோன்றியவை அல்ல. மனித குலம் நெடுங்காலமாக இவற்றுக்கு விடை தேடி வந்திருக்கிறது. அந்த வரலாற்றைச் சிறிது நோக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பழைய வைத்திய நூல்கள் நோய்களைத் தீருவன, தீராதன என்று பகுத்தன. தீராத நோயைத் தீர்ப்பதாக ஏற்றுக்கொள்ளும் வைத்தியன் பொருளையும் புகழையும் இழப்பான் என்று சரக சங்கிதை எச்சரிக்கிறது. ஆயினும் அதே மரபு மற்றோர் உண்மையையும் போற்றியது. வைத்தியன், மருந்து, நோயாளி, அருகிருந்து பேணுபவன் என்னும் நான்கும் சேர்ந்ததே வைத்தியம் என அது கொண்டது. நமது திருக்குறளும் மருந்து என்னும் அதிகாரத்தை இந்நான்கினையும் கூறியே முடிக்கிறது. வைத்தியன் விலகிய பின்னரும், மருந்து பயனற்றுப் போன பின்னரும், நான்காமவனுக்கு வேலை இருக்கிறது. அவனுடைய வேலை அப்போதுதான் முழுமையாகத் தொடங்குகிறது என்றுகூடச் சொல்லலாம்.

அந்த நான்காமவன் எத்தகையவனாக இருத்தல் வேண்டும் என்பதைப் பௌத்த விநய நூலாகிய மகாவக்கம் விரித்துரைக்கிறது. வயிற்றுளைவு நோயால் வருந்திய ஒரு பிக்கு, கவனிப்பாரின்றித் தம் கழிவிலேயே கிடந்தாராம். அவ்வழியே வந்த புத்தர் பெருமான் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் செய்தார். தாமே நீர் வார்க்க, ஆனந்தர் கழுவினார். பின்னர் புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் காற்பக்கமும் பிடித்து, நோயாளியைத் தூக்கிக் கட்டிலிற் கிடத்தினர். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயுற்றோருக்குப் பணிவிடை செய்யட்டும் என்று அதன்பின் அவர் பிக்குமாருக்குக் கூறினார் என்பது அந்நூற் செய்தி.

நல்ல பணியாளனுக்குரிய ஐந்து குணங்களையும் அந்நூல் எண்ணிச் சொல்கிறது. மருந்து ஆயத்தம் செய்யத் தெரிந்திருத்தல், நோயாளிக்கு ஆவது எது ஆகாதது எது என்று அறிந்திருத்தல், பொருளை விரும்பாது அன்பினாற் செய்தல், மலசலத்தையும் வாந்தியையும் அகற்ற அருவருப்புக் கொள்ளாதிருத்தல், ஏற்ற வேளையில் அறவுரையால் நோயாளியின் மனத்தைத் தேற்றுதல் என்பன அவை. இன்றைய தாதியர் கல்லூரி ஒன்றிற் கற்பித்தாலும் இவற்றுள் நீக்கத்தக்கது எதுவும் இல்லை.

இவ்வறத்தை நமது நாட்டு மன்னர்கள் கல்லிலும் செங்கல்லிலும் கட்டியமைத்தனர். அநுராதபுரத்தை அமைத்த பாண்டுகாபயன் மகப்பேற்று விடுதியும் நோயாளர் மண்டபமும் நிறுவினான் என்று மகாவம்சம் கூறுகிறது. மிகிந்தலையில் ஒன்பதாம் நூற்றாண்டில் இரண்டாம் சேனன் அமைத்த வைத்தியசாலையின் அடித்தளத்தை இன்றும் காணலாம். முற்றத்தைச் சூழ்ந்த சிறு சிறு அறைகளும், நோயாளி படுப்பதற்கென மனித உருவின் அளவாகக் குடையப்பட்ட மருந்துத் தொட்டியும் அங்கே உள்ளன. பொலன்னறுவையில் 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு பல நூறு நோயாளர் தங்கும் பெரிய சாலை ஒன்றை அமைத்தான். அங்கு ஒவ்வொரு நோயாளிக்கும் இரவும் பகலும் மருந்தும் உணவும் ஆக்கிக் கொடுக்க ஒரு பணியாளனையும் ஒரு பணிப்பெண்ணையும் தனித்தனியே நியமித்தான் என்றும், தானே சென்று நோயாளரை விசாரித்தான் என்றும் சூளவம்சம் போற்றுகிறது. அரச புகழ்ச்சியில் மிகைப்படக் கூறல் உண்டென்று கொண்டாலும், ஒரு நோயாளிக்கு அருகிருப்போர் இருவர் வேண்டும் என்ற எண்ணம் அக்காலத்தில் இருந்தது என்பதில் ஐயமில்லை. ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்க வேண்டும் என்பதை நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்தவர் நன்கு அறிவர்.

இனி மரணப்படுக்கை ஒன்றைக் காண்போம். எல்லாளனோடு பொருது வென்று, பின்னர் அம்மன்னனின் நினைவிடத்துக்கு மரியாதை செய்வித்த துட்டகைமுனு, கி.மு. 137 அளவில் நோய்வாய்ப்பட்டான். அவன் எழுப்பிய மகாதூபி அப்போது முற்றுப்பெறவில்லை. உச்சிக் குடையும் சாந்துப் பூச்சும் எஞ்சியிருந்தன. மன்னன் தன் தம்பி சத்தாதிஸ்ஸனைத் தீகவாபியிலிருந்து அழைத்து, எஞ்சிய வேலையை முடிக்கும்படி கேட்டான். நாட்கள் குறைவென்று கண்ட தம்பி, தையற்காரரைக் கொண்டு வெள்ளைத் துணியால் தூபி முழுவதையும் போர்த்தினான். ஓவியரைக் கொண்டு அத்துணியில் வேலியும் நிறைகுட வரிசைகளும் தீட்டுவித்தான். மூங்கிலால் குடை அமைத்தான். வேலை முடிந்தது என்று அண்ணனிடம் சொன்னான்.

மன்னனைப் பல்லக்கிற் கொண்டுவந்தார்கள். தூபியை வலம்வந்து வணங்கியபின், தரையில் விரித்த கம்பளத்தில் அவன் படுத்தான். வலப்பக்கம் சாய்ந்தால் மகாதூபியையும், இடப்பக்கம் சாய்ந்தால் உலோகப் பிராசாதத்தையும் காண முடிந்தது. சூழ இருந்த பிக்குமாருள் தேரபுத்தாபயரை அவன் கண்கள் தேடின. முன்னொரு காலத்தில் போர்க்களத்தில் அவனோடு நின்ற பதின்மருள் ஒருவர் அவர். அவர் வந்தபோது, முன்பெல்லாம் பதின்மர் துணையோடு போர் செய்தேன், இன்று மரணத்தோடு தனியே போர் செய்கிறேன் என்று மன்னன் வருந்தினான். தேரர் அருகமர்ந்து அவனைத் தேற்றினார்.

அப்போது மன்னன் செய்த நற்செயல்கள் எழுதப்பட்ட ஏட்டைக் கொணர்ந்து உரக்கப் படித்தனர். விகாரைகள், விழாக்கள், பெருந்தானங்கள் என அது நீண்டது. ஆனால், அரசனாக இருந்து செய்தவை தன் மனத்தை மகிழ்விக்கவில்லை என்றான் துட்டகைமுனு. துன்பக் காலத்தில், தன் உயிரைப் பொருட்படுத்தாது அளித்த இரண்டு தானங்களே மகிழ்ச்சி தருவதாகச் சொன்னான். ஒன்று, பஞ்ச காலத்தில் தன் காதணிகளைக் கொடுத்துத் தேரர் ஐவருக்காகப் பெற்ற புளித்த தினைக்கூழ். மற்றது, சூளங்கணியப் போரில் தோற்று ஓடியபோது தன் உணவை ஒரு துறவிக்கு ஈந்தது.

அந்தச் சூளங்கணியப் போர் யாரோடு நடந்தது தெரியுமா? அதே தம்பி சத்தாதிஸ்ஸனோடுதான். ஆட்சிக்காக அண்ணனோடு படை நடத்திப் பொருத தம்பியே, பின்னாளில் அவன் கடைசிப் படுக்கையின் அருகில் நின்றான். காணிப் பிணக்குகளும் மனக்கசப்புகளும் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. நோயாளியின் கட்டிலருகே அவற்றை ஒதுக்கி வைக்க முடியும் என்பதற்கு நமது பழைய நூலிலேயே சான்று இருக்கிறது.

இன்னும் ஒரு நுட்பம் உண்டு. தூபி முடிந்துவிட்டது என்று தம்பி சொன்னான், மன்னன் கண்ணாற் கண்டான், மகிழ்ந்தான். ஆயினும் இறுதியில் அவன் தம்பிக்கு இட்ட ஆணை யாது? மகாதூபியில் எஞ்சியிருக்கும் வேலையையெல்லாம் கவனமாக முடிப்பாயாக என்பதே. துணியின் கீழ் இருந்தது அவனுக்குத் தெரிந்திருந்தது போலும். படுக்கையிற் கிடப்பவர் பெரும்பாலும் அறிவர் என்பதே இதிலிருந்து நான் கொள்ளும் பொருள். நாம் அன்பினாற் போர்த்தும் துணியை அவர்களும் அன்பினால் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் சொல்லவேண்டியதைச் சொல்ல ஒரு வாய்ப்பையும் எதிர்பார்க்கிறார்கள்.

நேயர்களே, பண்டைக் காலத்தவர் அருகிருந்தனர், தேற்றினர், கழுவினர். ஆனால் கொடிய வேதனையை நாள்முழுவதும் அடக்கி வைக்கும் முறை அவர்களிடம் இல்லை. அபினிலிருந்து மோர்பின் என்னும் பொருளை ஜேர்மனியரான சேர்ட்டூர்னர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரித்தெடுத்தார். அதனை முறையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ள மேலும் ஒன்றரை நூற்றாண்டு சென்றது.

இதற்கிடையில் ஐரோப்பாவில் இறப்பை எதிர்நோக்குவோருக்கான தனி இல்லங்கள் தோன்றின. கணவரையும் பிள்ளைகளையும் இழந்த ஜேன் கார்னியே என்னும் பெண்மணி, பிரான்சின் லியோன் நகரில் 1842இல் இப்பணிக்கென விதவைகளின் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அயர்லாந்தின் டப்ளின் நகரில் 1879இலும், இலண்டனின் ஹக்னியில் 1905இலும் கத்தோலிக்கக் கன்னியர் இத்தகைய இல்லங்களை நிறுவினர். இவற்றுக்கு ஹொஸ்பீஸ் என்று பெயர். விருந்தினரையும் விருந்தளிப்பவரையும் ஒருங்கே குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழிவந்தது அது. விருந்தோம்பலை அறமெனக் கொண்ட தமிழருக்கு அப்பெயரின் உட்பொருளை விளக்க வேண்டியதில்லை.

இப்பணிக்கு விஞ்ஞான அடிப்படை தந்தவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். 1918இற் பிறந்த இவர் தாதியாகவும் பின்னர் வைத்தியசாலைச் சமூக சேவையாளராகவும் இருந்தவர். வார்சோவிலிருந்து வந்த யூத அகதியாகிய டேவிட் டஸ்மா என்பவர் இலண்டனில் புற்றுநோயால் 1948இல் இறந்தார். உற்றார் எவருமற்ற அவர், சாண்டர்ஸ் அமைக்க எண்ணிய இல்லத்தில் ஒரு சாளரமாக இருக்கட்டும் என்று 500 பவுணை விட்டுச் சென்றார். நோயாளியின் வேதனையைத் தீர்க்க விரும்பினால் வைத்தியராக வேண்டும் என்று உணர்ந்த சாண்டர்ஸ், படித்து 1957இல் வைத்தியரானார். 1967இல் சென் கிறிஸ்தோபர் ஹொஸ்பீஸ் இலண்டனில் திறக்கப்பட்டது. அந்தச் சாளரத்தைச் சுற்றி இல்லத்தைக் கட்டப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. அங்கிருந்து தாதியர் வீடுகளுக்குச் சென்று பணிசெய்வது 1969இல் தொடங்கியது. அவ்வம்மையார் 2005இல் அதே இல்லத்திற் காலமானார்.

அவர் கற்பித்தவற்றுள் இரண்டு முக்கியமானவை. முதலாவது, வேதனை வந்தபின் மருந்து கொடுக்காமல், வருமுன்னரே நேரந்தவறாது வாய்வழி மருந்து கொடுத்தல். இரண்டாவது, வேதனை உடலில் மட்டும் இருப்பதில்லை என்பது. மனத்தின் அச்சம், குடும்பத்தைப் பற்றிய கவலை, இறைவனைப் பற்றிய ஏக்கம் ஆகியனவும் அதிற் சேர்ந்துள்ளன. மகள் திருமணம் முடியாதிருக்கும் தந்தைக்கு மோர்பின் மட்டும் கொடுத்தால் போதுமா?

உண்மையைச் சொல்வது பற்றியும் இக்காலத்திலேயே மேனாட்டார் மனம் மாறினர். மறைக்கும் பழக்கம் கீழைநாட்டாருக்கே உரியதென்று சிலர் எண்ணுவர். அது சரியன்று. 1961இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், வைத்தியருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புற்றுநோயை நோயாளிக்குச் சொல்லாதிருப்பதையே விரும்பினர். 1979இல் அதே வினாவைக் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் சொல்வதை விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் ஒரு பழக்கம் தலைகீழாயிற்று. இடையில் 1969இல், எலிசபெத் கூப்ளர் ரோஸ் என்னும் வைத்தியப் பெண்மணி, இறக்கும் நோயாளரிடமே அமர்ந்து கேட்டறிந்தவற்றை நூலாக்கினார். அவர்கள் தம் நிலையைப் பேச விரும்புகின்றனர் என்பது அதனால் உலகுக்குத் தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனம் 1986இற் புற்றுநோய் வேதனையைத் தணிக்கும் முறையை வகுத்து வெளியிட்டது. வாய்வழியாக, நேரந்தவறாது, படிப்படியாக மருந்தை உயர்த்துக என்பது அதன் சாரம். அதே ஆண்டில் பம்பாயில் வைத்தியர் டி சூசா சாந்தி அவேதனா என்னும் இல்லத்தைத் திறந்தார். இந்தியாவின் முதலாவது ஹொஸ்பீஸ் அதுவே. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருட் சட்டம் மோர்பினை நோயாளருக்கே எட்டாப் பொருளாக்கியது. அச்சட்டம் 2014இலேயே தளர்த்தப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் வேதனையால் துடித்தோர் கணக்கில் அடங்கார்.

இந்நிலையில் கேரளம் ஒரு புதுவழி கண்டது. கோழிக்கோட்டில் 1993இல் வைத்தியர்கள் ராஜகோபாலும் சுரேஷ்குமாரும் நண்பர்களும் வேதனை தணிக்கும் சங்கம் ஒன்றைத் தொடங்கினர். பெரிய இல்லங்களைக் கட்டுவதைக் காட்டிலும், அயலவரைப் பழக்கி நோயாளரின் வீடுகளுக்கு அனுப்புவது மேல் என்று கண்டனர். ஆசிரியரும் வியாபாரிகளும் மாணவரும் வார்ந்தோறும் சில மணி நேரத்தை இதற்குக் கொடுத்தனர். 2008இல் கேரள அரசு இதனைத் தன் கொள்கையாகவே ஏற்றது.

நமது இலங்கையில் மகரகமவில் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன இல்லம் இப்பணியைச் செய்து வருகிறது. 2014இல் உலக சுகாதாரப் பேரவை, நோய்த்தணிப்புப் பராமரிப்பை எல்லா நாடுகளும் தம் சுகாதார சேவையோடு இணைக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. அதனையொட்டி நமது சுகாதார அமைச்சும் 2019 முதல் 2023 வரைக்குமான தேசியத் திட்டமொன்றை வகுத்தது. திட்டங்கள் கிராமங்களைச் சென்றடையக் காலம் எடுக்கும். ஆதலால் கெலிஓயா போன்ற ஊர்களில் இன்றும் பெரும்பாலான தாய் தந்தையருக்கு ஹொஸ்பீஸ் என்பது அவர்களது சொந்த வீடே. அங்கு தாதியும் தேரரும் பிள்ளைகளே.

அவர்கள் செய்யத்தக்கவை யாவை? வைத்தியசாலையை விட்டு வருமுன், வேதனை கூடினால் என்ன மருந்து, எத்தனை மணிக்கு, யாரை அழைப்பது என்று கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். மோர்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவாரோ, விரைவில் இறந்துவிடுவாரோ என்று அஞ்சி மருந்தை ஒளித்து வைப்போர் உளர். வைத்தியர் குறித்த அளவில், குறித்த நேரத்திற் கொடுத்தால் அவ்வச்சம் வேண்டியதில்லை. அம்மருந்தால் மலச்சிக்கல் உண்டாகும். அதற்கும் மருந்து கேட்டுப் பெறல் வேண்டும். படுக்கைப்புண் வாராதிருக்க இரண்டு மூன்று மணிக்கொருமுறை பக்கம் மாற்றிக் கிடத்தலும், வாயையும் உதடுகளையும் ஈரத்துணியால் நனைத்தலும் சிறு வேலைகளாகத் தோன்றலாம். நோயாளிக்கு அவையே பெரும் ஆறுதல்.

உணவைப் பற்றியும் ஒரு சொல். சோறூட்டுவதையே அன்பின் அடையாளமாகக் கொண்டவர் நாம். இறுதி நாட்களில் பசி குறைவது உடலின் இயல்பு. அப்போது வற்புறுத்தி ஊட்டினால் புரையேறித் துன்பம் மிகும். அவர் கேட்கும் அளவு, கேட்கும் வேளையில் கொடுத்தலே போதும்.

இவ்வேலை முழுவதும் பெரும்பாலும் ஒரு மகளின் மீதோ மருமகளின் மீதோ விழுவதை நாம் காண்கிறோம். பொலன்னறுவை மன்னன் ஒரு நோயாளிக்கு இருவரை வைத்தான் என்பதை ஆண்மக்கள் நினைவிற் கொள்ளல் நன்று. பணம் அனுப்பும் பிள்ளையின் உதவி பெரிதுதான். ஓர் இரவு விழித்திருக்க வரும் பிள்ளையின் உதவி அதனினும் பெரிது. கோழிக்கோட்டின் அயலவர் செய்ததை நமது சன சமூக நிலையங்களும் பள்ளிவாசல்களும் கோயில்களும் விகாரைகளும் செய்ய முடியாதா? கெலிஓயாவில் ஒரு வீட்டில் யாசீன் ஓதப்படுகிறது, அடுத்த வீட்டில் தேவாரம் ஓதப்படுகிறது, அப்பால் பிரித் கேட்கிறது. மூன்று வீட்டிலும் கட்டிலின் மேற் கிடப்பவருக்கு வேண்டியவை ஒன்றே.

இனி இரண்டாவது வினா. சொல்வதா, மறைப்பதா? கேளாதவரிடம் போய் அறிவிப்பது கொடுமை. கேட்பவரிடம் பொய் சொல்வது அவரைத் தனிமைப்படுத்துவது. எனக்கு இது மாறுமா என்று தாய் கேட்டால், உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது அம்மா என்று திருப்பிக் கேட்டு, அவர் சொல்வதைப் பொறுமையாகக் கேளுங்கள். அவர் ஏற்கனவே அறிந்திருப்பது அப்போது தெரியவரும். அதன்பின் அவரைத் தைரியமாகப் பேசவிடலாம். துட்டகைமுனுவின் ஏட்டைப் போல அவருடைய வாழ்க்கையையும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். பிள்ளைகள் பெரிதென்று எண்ணியிருந்தவற்றை அவர் எண்ணாதிருக்கலாம். பஞ்சத்திற் பகிர்ந்த ஒரு கலயம் கூழைப் போல, நாம் அறியாத ஏதோ ஒன்று அவர் மனத்தை மகிழ்விக்கலாம்.

கடைசியாக, அவரிடம் எஞ்சியிருக்கும் வேலை யாது என்று கேளுங்கள். ஒருவரிடம் வாங்கிய கடன் இருக்கலாம், பேசாதுபோன உறவு இருக்கலாம், ஒரு நேர்த்திக்கடன் இருக்கலாம். அதை நான் முடிக்கிறேன் என்று சொல்லி, முடித்தும் காட்டுங்கள். சத்தாதிஸ்ஸன் அண்ணன் இறந்தபின் துணியை அகற்றி, தூபியின் வேலையை உண்மையாகவே முடித்தான்.